பெரியவர் சட்டை, குழந்தை கவுன்: உங்கள் தையல் கேள்விகளுக்குப் பதில்கள்

பெரியவர்களின் பழைய உடைகளை வெட்டிக் குழந்தைக்குத் தைப்பது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுத் துணி என்றால் முதலில் டிசைனை யோசிப்போம், அப்புறம் துணியை வாங்குவோம். பழைய உடையில் அது தலைகீழ். எந்தப் பகுதி இன்னும் உறுதியாக இருக்கிறது, ஏற்கெனவே தைத்து முடித்த எந்த ஓரத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்த பிறகுதான் என்ன தைப்பது என்ற முடிவுக்கே வர வேண்டும்.

கேள்வி: வீட்டில் ஒரு மூட்டை பழைய உடைகள் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜன்னல் பக்கம் போய் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். தேய்ந்த இடம் சல்லடை போலத் தெரியும். சட்டையில் முழங்கை, அக்குள், காலர் மடிப்பு, பேன்டில் முழங்கால், உள்தொடை, உட்காரும் இடம் ஆகியவைதான் முதலில் போகும். சட்டையின் முதுகுப் பகுதியும், பேன்டுக்குள் செருகியே இருந்த கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் புதுசு போலவே இருக்கும். வெளிச்சத்தில் பார்த்தது போதாது, துணியை இரண்டு கட்டைவிரலாலும் நெடுக்காக ஓடும் பாவு நூல் வாக்கில் ஒருமுறை, குறுக்காக ஓடும் ஊடு நூல் வாக்கில் ஒருமுறை அழுத்தி இழுத்துப் பாருங்கள், நூல் விலகினாலோ மெல்லிய கிழிசல் சத்தம் கேட்டாலோ அதைத் தூசு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை உட்காரும், தவழும், எதையாவது பிடித்துத் தொங்கும். நைந்த துணி ஒரு வாரம் கூடத் தாங்காது, நீங்கள் தைத்த நேரமும் வீண்.

என்ன இழை என்று சந்தேகமா? உள்பக்கத் தையலில் இருந்து நாலைந்து நூல் பிடுங்கி, கிடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும், கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி என்றால் இரண்டு குணமும் தெரியும்.

கேள்வி: என் கணவரின் முழுக்கைச் சட்டையில் இரண்டு வயது மகளுக்கு கவுன் தைக்க ஆசை. பட்டன் பட்டியைப் பிரிக்க வேண்டுமா?

பிரிக்கவே கூடாது! அந்தச் சட்டையில் உங்களுக்குக் கிடைத்த பெரிய லாபமே அதுதான். காஜா (பட்டன் துளை) எடுத்து, பட்டன் தைத்து, உள்ளே விறைப்புக்கு கேன்வாஸ் வைத்த வேலை எல்லாம் முடிந்து கிடக்கிறது. சட்டையின் முன்பக்கத்தை கவுனின் முதுகாக மாற்றிவிடுங்கள். எல்லாப் பட்டனையும் போட்டு, சட்டையை நெடுக்காக மடியுங்கள். மடிப்பு பட்டியின் ஓரத்தில் விழக்கூடாது, பட்டன்களின் நடுவே ஓடும் கோட்டில் விழ வேண்டும், நிறையப் பேர் தவறு செய்வது இங்கேதான், ஓரத்தில் மடித்து வெட்டினால் கவுனின் முதுகு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்து நிற்கும். மடிப்பின் மேல் பேட்டர்னை (அளவுக்கு வெட்டிய காகிதத்தை) வைக்கும்போது, ஏதாவது ஒரு பட்டன் கழுத்து ஓரத்துக்குக் கீழே ஒன்றிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி வருவது போல ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். பெரியவர் சட்டையில் பட்டன்களுக்கு நடுவே எட்டு, ஒன்பது செ.மீ. இருக்கும், குழந்தை குனிந்தால் முதுகு திறந்துகொள்ளும், அதனால் இடையில் ஒரு பிரஸ் பட்டன் வையுங்கள். கீழ் ஓரம் வளைவாக இருந்தால் அந்த வளைவுக்கு மேலே நேராக வெட்டிவிடலாம், இடம் இருந்தால் வளைவையே வைத்துக்கொள்ளலாம், பார்க்கவும் அழகு.

மார்புப் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன்பே பிரித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி கைக்குழியில் மாட்டிக்கொள்ளும். ஒன்றைக் கவனியுங்கள், பாக்கெட் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நிறத்தில் தெரியும். அந்த இடம் வெட்டில் போகவில்லை என்றால் அதே பாக்கெட்டைக் கொஞ்சம் இறக்கி அதன் மேலேயே தைத்து மறையுங்கள்.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு வயதில் குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 46 செ.மீ., இரண்டு வயதில் 48, ஐந்தில் 51 வரை. கழுத்து அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட. நீளாத துணியில் திறப்பு வைக்காமல் தைத்தால் கழுத்துக்குப் பொருந்துவது தலையில் நுழையாது, தலையில் நுழைவது தோளில் நிற்காது. முதுகு முழுக்கத் திறக்கும்போது அந்தக் கவலையே இல்லை. படுத்தே இருக்கும் கைக்குழந்தைக்கு மட்டும் பட்டனை முதுகில் வைக்காதீர்கள், அழுத்தும்.

கேள்வி: டி-ஷர்ட்டில் தைத்தேன். மகன் தலையில் மாட்டும்போதே கழுத்துத் தையல் பட்பட்டென்று அறுகிறது.

துணி நீள்கிறது, உங்கள் தையல் நீளவில்லை. நேர்த்தையலை விட்டுவிட்டு ஜிக்ஜாக் போடுங்கள், அகலம் 1 மி.மீ.க்குள், நீளம் இரண்டரை. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். ஊசி முனை உருண்டையாக உள்ள பால்பாயின்ட், 75 அல்லது 80. சாதாரணக் கூர் ஊசி பின்னலின் கண்ணியையே அறுத்துவிடும், துவைத்த பிறகு தையல் ஓரம் முழுக்கப் பொத்தல் விழும். ஊசிக்கு அடியில் துணியை இழுத்துப் பிடிக்காதீர்கள், அலை அலையாகிவிடும். இன்னொன்று, கழுத்துப் பட்டியை வெட்டும்போது துணி எந்தப் பக்கம் அதிகம் நீள்கிறதோ அது கழுத்தைச் சுற்றி வர வேண்டும். பட்டியின் நீளம் கழுத்துத் திறப்பில் 85 சதவீதம் போல இருந்தால் படிந்து நிற்கும். தைத்து முடித்ததும் டேப் வைத்துக் கழுத்தை இழுத்து அளந்து பாருங்கள், குழந்தையின் தலையை விட இரண்டு செ.மீ.யாவது கூடுதலாக விரிய வேண்டும்.

கேள்வி: ஜீன்ஸ் தைக்கும்போது மிஷின் தையலைத் தாண்டித் தாண்டிப் போடுகிறது.

ஊசியை மாற்றுங்கள், 100-ஆம் நம்பர். மடிப்புத் தையல்கள் சந்திக்கும் தடிமனான இடத்தை வெட்டிக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், முடியாவிட்டால் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் பல வருடம் கிடந்த உடைகள். அந்துருண்டை வாசனை போகவில்லை. பிறந்த குழந்தைக்குத் தைக்கலாமா?

வேண்டாம். பல அந்துருண்டைகளில் நாஃப்தலீன் என்ற வேதிப்பொருள் இருக்கும். அது ஊறிய துணியைப் போர்த்தியதாலேயே ரத்தச் சிவப்பணு சிதைந்து மஞ்சள் காமாலையான பச்சிளம் குழந்தைகள் உண்டு. ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம், அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியவும் தெரியாது. பெரிய பிள்ளைகளுக்கு என்றால் பல நாள் வெளிக்காற்றில் உலர்த்தி, துவைத்து, வாசனை துளியும் இல்லை என்று உறுதியான பிறகு எடுங்கள்.

கேள்வி: நல்ல கம்பளித் துணிப் பேன்ட், வெளியே நிறம் மங்கிவிட்டது. வீசிவிடவா?

திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெயிலும் உராய்வும் படாமல் புது நிறத்தோடு இருக்கும். தையல்களைப் பிரித்து, துவைத்து, உள்பக்கத்தை வெளியே வைத்து வெட்டுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி, 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை பிரிட்டனில் உடைக்கு ரேஷன் இருந்தது, அப்போது பெரியவர்களின் உடையைப் பிரித்துக் குழந்தைகளுக்குத் தைப்பதை அரசே ஊக்குவித்தது. ஒரு பக்கம் மட்டும் கோடோ பூவோ அச்சிட்ட துணியில் இப்படித் திருப்பித் தைப்பது சரிவராது.

கேள்வி: ஸ்வெட்டரை வெட்டினால் பிரிந்துகொண்டே போகிறது, என்ன செய்ய?

சுத்தமான கம்பளியா என்று பாருங்கள். ஆம் என்றால், சுடுநீரில் சோப்போடு நன்றாக அலசி, இழைகள் ஒன்றோடொன்று இறுகிச் சுருங்கட்டும், அப்புறம் வெட்டினால் பிரியாது. சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளியும் செயற்கை இழையான அக்ரிலிக்கும் இதற்கு மசியாது. அவற்றை வெட்டும் கோட்டுக்கு இரு பக்கமும் ஜிக்ஜாக் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். ஸ்வெட்டர் கைகள் இரண்டையும் வைத்துக் கைக்குழந்தைக்குக் குளிர்கால பேன்ட் தைக்கலாம், மணிக்கட்டுப் பட்டி அப்படியே கணுக்காலில் உட்காரும்.

கேள்வி: பெரியவர் ஹூடியைச் சின்னதாக்குகிறேன். கயிற்றையும் அழகுக்கு வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சறுக்கு மரத்தின் இடுக்கிலும் பேருந்துக் கதவிலும் அந்தக் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரவிதி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்திலும் தொப்பியிலும் கயிறே கூடாது என்கிறது. கயிற்றை உருவி, துளையை மூடித் தைத்துவிடுங்கள். கூடவே, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குத் தைக்கும் பட்டனை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், பழைய நூலை நம்பாமல் புதிதாகத் தைத்துவிடுவதே நல்லது. பழைய ஃபிளானல் துணியில் தொளதொளவென்று இரவு உடையும் வேண்டாம், அந்தப் பஞ்சு மேற்பரப்பு சட்டென்று தீப்பிடிக்கும். உடம்போடு ஒட்டிய அளவில் தையுங்கள்.

கேள்வி: அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் சட்டையில் என் ஐந்து வயது மகனுக்குத் தைக்க வேண்டும். வெட்டக் கை வரவில்லை.

அவசரம் வேண்டாம். அதே பேட்டர்னை முதலில் ஒரு பழைய படுக்கை விரிப்பில் வெட்டித் தைத்து மகனுக்குப் போட்டுப் பாருங்கள். அளவு சரியாகும் வரை சட்டையைத் தொட வேண்டாம். முன்பக்கப் பட்டியும் பாக்கெட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சுற்றளவைப் பக்கவாட்டில் குறையுங்கள். காலர்தான் சிக்கல். பெரியவருக்கு 40 செ.மீ. போல இருக்கும், பிள்ளைக்கு 28 போதும். மடிந்து தேய்ந்த மேல் இதழை எடுத்துவிட்டு, கழுத்தோடு நிற்கும் பட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பின்கழுத்தின் நடுவில் வெட்டிக் குறைத்து இணைத்தால் ஒரு முனையில் காஜா, மறு முனையில் அப்பா போட்ட பட்டன் இரண்டுமே மிஞ்சும். மீதித் துணியில் ஒரு துண்டைக் கூடத் தூக்கிப்போடாதீர்கள். முழங்கையில் கிழிந்தால் அதே துணியில் ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: தைத்த உடை ஆறே மாதத்தில் குட்டையாகிவிடுகிறதே?

இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு ஐந்திலிருந்து ஏழு செ.மீ. வரை உயரம் கூடும், சுற்றளவு அவ்வளவு கூடாது. அதனால் நீளத்தில்தான் சேமிக்க வேண்டும். கவுனின் அடி ஓரத்துக்கு மேலே இரண்டு செ.மீ. ஆழத்தில் ஒரு டக் (துணியை மடித்துப் போடும் தையல்) பிடித்தால் நான்கு செ.மீ. உள்ளே ஒளிந்திருக்கும். பெரிய தையலாகப் போட்டு வைத்தால் வேண்டும்போது ஒரே இழுப்பில் பிரித்துவிடலாம். ஜீன்ஸில் மட்டும் பழைய மடிப்பைப் பிரித்தால் வெள்ளைக் கோடு நிற்கும், அங்கே ஒரு ரிப்பன் பட்டை தைத்துவிடுங்கள், அல்லது கூடுதல் நீளத்தை இடுப்பு எலாஸ்டிக் மடிப்புக்குள் விட்டு வையுங்கள்.