நெர்ஹாவில் ஆறு பேருக்கு வில்லா

ஆறு பேர், ஒரு வாரம், ஸ்பெயினின் நெர்ஹாவில் நீச்சல் குளத்தோடு வில்லா, ஆகஸ்ட் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகாதவர்கள்தானே? அப்படியென்றால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். வாடகை இறங்கும், கடலில் கோடையின் வெதுவெதுப்பு அப்போதும் இருக்கும்.

மலைச்சரிவு வில்லாக்கள் மலிவாகத் தெரியும். ஆனால் கார் இல்லாமல் அங்கே சிரமம். முழங்கால் வலியுள்ள உங்கள் அம்மாவுக்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டவே வேண்டாம். புரியானா கடற்கரைக்கே சரிவில் இறங்கித்தான் போக வேண்டும். ஊருக்குள், நடுவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பால்கோன் தே எவுரோப்பா என்ற காட்சிமேடையிலிருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது, மாலகா நகரத்திலிருந்து பேருந்து உண்டு.

முன்பணம் கட்டும் முன் துப்புரவுக் கட்டணத்தையும் வைப்புத்தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், குளத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.