ஒட்டாவாவுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

அக்கா, வணக்கம். போன கிழமை போனில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். மகளுக்கு ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கிடைத்திருக்கிறது, படிப்புக்கு நடுவே நிறுவனங்களில் சம்பளத்தோடு வேலை பழகும் கோ-ஆப்பும் உண்டு. நீங்களோ "அரசாங்கமே ஆட்களைக் குறைக்கிறது, அதை விட்டால் அந்த ஊரில் என்ன இருக்கிறது, ரொறன்ரோவிலேயே படிக்கட்டும்" என்கிறீர்கள். என் பதில்: அனுப்புங்கள். ஆனால் முதல் வருடத்திலிருந்தே பிரெஞ்சு படிக்கிறேன் என்று அவள் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நானும் யோசிப்பேன்.

உங்கள் பயம் காரணமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். 2023-24-இல் மத்திய அரசில் ஏறக்குறைய 368,000 பேர் இருந்தார்கள். 2028-29 முடிவதற்குள் அதை 330,000 அளவுக்குக் கொண்டுவருவோம் என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நாடு முழுவதற்குமான கணக்குதான், என்றாலும் அடி அதிகம் விழுவது தலைநகரில். இப்போதே மாணவர் வேலைகளும் முன்பு மாதிரி தாராளமாக இல்லை. ஆனால் இந்த ஊர் இதை முன்பும் பார்த்திருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் பெரிய வெட்டு வந்தது, 2012-இல் 19,200 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள், இரண்டு தடவையும் சில வருடங்களில் எண்ணிக்கை திரும்ப ஏறியது. உங்கள் மகள் கோ-ஆப்பையும் சேர்த்துப் படித்து முடிக்கும்போது 2030 தாண்டிவிடும். இன்றைய செய்தியை வைத்து அன்றைய வேலையை முடிவுசெய்யாதீர்கள்.

அரசாங்கத்தை விட்டால் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா, நகரத்தின் மேற்குப் பக்கம் கனாட்டா நோர்த் இருக்கிறது. கனடாவிலேயே பெரிய தொழில்நுட்பப் பூங்கா அதுதான். நோக்கியா, எரிக்சன், சியெனா போன்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. உலகத்தில் இருபது கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களில் ஓடும் கியூ.என்.எக்ஸ். மென்பொருளும் 1980-இல் ஒட்டாவாவில் பிறந்ததுதான். 2009 ஜனவரியில் நோர்டெல் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் திவாலானபோது ஊரே முடிந்தது என்றார்கள். உண்மையிலேயே பல குடும்பங்கள் நொறுங்கிப்போன காலம் அது, ஓய்வூதியத்தை நம்பியிருந்தவர்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள், அதைச் சின்ன விஷயமாக நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதன் ஒளியிழைப் பிரிவை சியெனா வாங்கியது, வயர்லெஸ் பிரிவின் பெரும்பகுதி எரிக்சனுக்குப் போனது, ஊரை விட்டுப் போகாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்த பொறியியலாளர்கள் எத்தனையோ பேர். கார்லிங் வீதியில் இருந்த நோர்டெல் வளாகத்தில் இப்போது பாதுகாப்பு அமைச்சு இருக்கிறது. அந்த அமைச்சுக்குப் பணம் கூடிக்கொண்டு வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

சரி, பிரெஞ்சுக்கு வருகிறேன். ஒன்டாரியோவில் ஒன்பதாம் வகுப்போடு பிரெஞ்சு கட்டாயம் முடிந்துவிடும், நம் பிள்ளைகளில் பலர் அந்த வருடமே "அப்பாடா" என்று விட்டுவிடுவார்கள். உங்கள் மகளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒட்டாவாவில் அரசு வேலை விளம்பரங்களில் "பிபிபி", "சிபிசி" என்று போட்டிருப்பார்கள். வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற வரிசையில் அவரவர் இரண்டாம் மொழியில் எந்தத் தரம் வேண்டும் என்பதுதான் அந்த மூன்று எழுத்து. ஏ-யை விட பி, பி-யை விட சி உயர்ந்தது. மேலாளர் பதவிக்குப் போனால் பெரும்பாலும் பேச்சில் சி தேவைப்படும். என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு பையன், அரசு வேலையில் இருந்தவன், மிகக் கெட்டிக்காரன், ஆறு வருடமாக ஒரே படியில் நின்றான். அவனுக்குப் பின் சேர்ந்தவர்கள் அவனுக்கே மேலதிகாரியாக வந்தார்கள். வாசிப்பில் சி எடுத்திருந்தான், ஆனால் பேச்சுத் தேர்வில் "நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்" என்று கேட்டவுடன் வினைச்சொல் வாயில் வராமல் நின்றுவிடும். முப்பது வயதில், கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குப் பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்தான். பதினெட்டு வயதில் இது எவ்வளவு சுலபம் அக்கா! ஒரு தவணைக்கு ஒரு பாடம் எடுத்தால் போதும், அப்புறம் ஆற்றைக் கடந்தால் பிரெஞ்சு பேசும் நகரமான கட்டினோ. அங்கே கடையிலும் பஸ்ஸிலும் பேசிப் பழகலாம்.

கட்டினோ என்றவுடன் இன்னொன்று. வாடகை குறைவு என்று அந்தப் பக்கம் குடியேறும் யோசனை வந்தால் அவசரப்படாதீர்கள். அது கியூபெக். டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருக்கிறாளோ அந்த மாகாணத்துக்குத்தான் வரி, கியூபெக் என்றால் தனியாக இன்னொரு வரிப்படிவம் நிரப்ப வேண்டும், மருத்துவ அட்டையும் மாறும். படிக்கும் காலத்தில் இந்தத் தலையிடி வேண்டாம். ஒன்டாரியோ பக்கத்தில் வீடு பார்க்கும்போது, 2018 நவம்பர் 15-க்குப் பிறகுதான் முதன்முதலில் ஆள் குடிவந்த கட்டடமா என்று கேளுங்கள். அப்படியானால் அரசின் வருடாந்த வாடகை உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது, அடுத்த வருடம் எவ்வளவு ஏற்றுவார்கள் என்று சொல்ல முடியாது.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் கேட்டீர்கள். குளிர் ரொறன்ரோவைவிடக் கடுமை, நல்ல சப்பாத்தும் ஜாக்கெட்டும் இல்லாமல் அனுப்பாதீர்கள். நகர ரயில் 2019-இல் வந்து, 2021-இல் தடம்புரண்டு, விசாரணை ஆணையம் வரைக்கும் போனது. ஆனால் கார்ல்டன் வாசலிலேயே நிற்கும் இரண்டாம் வழித்தடம் 2025 ஜனவரியில் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. கார் இல்லாமல் கனாட்டாவுக்குப் போவது மட்டும் நீண்ட பயணம், கோ-ஆப் அங்கே கிடைத்தால் அந்த நான்கு மாதம் அங்கேயே அறை எடுக்கட்டும். நல்ல பனிக்காலத்தில் ரிடோ கால்வாய் 7.8 கிலோமீற்றருக்கு உறைந்து சறுக்குப் பாதையாகிவிடும், நகர நடுவிலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் வரை சறுக்கிக்கொண்டே வரலாம். தோளில் புத்தகப்பையோடு, காதெல்லாம் சிவந்து பிள்ளைகள் அப்படி வருவதை நானே பார்த்திருக்கிறேன். தனியாக இருக்கும் பிள்ளைக்கு பெப்ரவரியில் வெளியே போக ஒரு காரணம் கிடைப்பது பெரிய விஷயம். 2022-23-இல் பனி போதாமல் கால்வாயைத் திறக்கவே முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இன்றிலிருந்து அவள் குடியிருக்கும் ஒவ்வொரு முகவரியையும், வெளிநாடு போய்வரும் தேதிகளையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அரசு வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி பார்க்கும்போது, இரகசியத் தகவல்களைப் பார்க்கும் தரம் என்றால் பத்து வருடத்து விவரம் கேட்பார்கள். பிள்ளையோடு கதைத்துவிட்டு, செப்டம்பரில் எந்தப் பிரெஞ்சுப் பாடம் எடுக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.