ஒரே 40 மி.மீ., ஒன்று மட்டும் ஏன் பெரிதாகத் தெரிகிறது?

மணிக்கட்டு 16 செ.மீ., பழைய 40 மி.மீ. டைவர் வாட்ச் (நீரில் மூழ்குவோருக்கான வகை) கச்சிதமாக இருந்தது, அதே அளவில் வாங்கிய வெள்ளை டயல் வாட்ச் மட்டும் தட்டு மாதிரி தெரிகிறது என்கிறீர்கள். உங்கள் கண்ணில் கோளாறில்லை, நண்பரே. விட்டம் பாதிக் கதைதான்.

டைவரில் கண்ணாடியைச் சுற்றி அகலமான வளையம் இருக்கும். டயலுக்குக் கிடைப்பது 30 மி.மீ. சொச்சம்தான். புதியதில் வளையம் மெலிசு, ஓரம் வரை டயல். போதாக்குறைக்கு வெள்ளை, வெளிர் நிறம் கருப்பைவிடப் பெரிதாகவே காட்டும். மணிக்குறிகளும் மெல்லிய கோடுகளாக இருந்தால் நடுவில் வெற்றிடம் இன்னும் விரிந்து தெரியும்.

அப்புறம், வார் மாட்டும் கொம்புகளின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். என் கணக்கில் உங்கள் கைக்கு 47 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. கொம்பு மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு, வாருக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; வார் மாற்றினாலும் அது சரியாகாது. தாண்டவில்லையா, தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

போனைக் கிட்டே வைத்து எடுத்த படத்தை மட்டும் நம்பாதீர்கள், அருகில் இருப்பதை அது பெருக்கிக் காட்டும். ஆளுயரக் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.