மேடையில் ஓர் அடுப்பு

அன்புள்ள ஐயா,

புத்தகத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கவிதை வாசிப்பு நடந்த அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. பக்கத்து அரங்கில் ஒரு செஃப் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார், அங்கே நிற்கக்கூட இடமில்லை. சமையலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கென்று உணவுத் திருவிழாக்கள் இருக்கின்றனவே? புத்தகத்துக்கான இடத்திலும் வாணலி வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காலி நாற்காலிகளைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வாணலி இல்லாதிருந்தால் கூட்டம் கவிதை அரங்குக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சமையல் புத்தகமும் புத்தகம்தான். அதை எழுதுவதற்கும் ஒரு கலை இருக்கிறது, அந்தக் கலைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1845இல் இங்கிலாந்தின் எலைசா ஆக்டன் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருட்களின் அளவையும் சமைக்கும் நேரத்தையும் தனியாகத் தொகுத்துக் கொடுத்தார். 1896இல் அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். முகம் தெரியாத ஒருவர் படித்து, அதே பண்டத்தைச் செய்துவிட வேண்டும் என்பதற்காகப் பட்ட பாடு இது.

அப்படியும் எழுத்தில் அடங்காதது நிறைய மிஞ்சுகிறது. நீங்கள் பார்த்த வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல புத்தகங்கள் ‘பொன்னிறமாகும் வரை வதக்கவும், 10 நிமிடம்’ என்கின்றன. மிதமான தீயில் பொன்னிறத்துக்கே பெரும்பாலும் அதைவிட நேரமாகும், ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வர அரை மணி நேரத்துக்கு மேலாகும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும் வரை வெங்காயத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். நிறம் வேகமாக மாறத் தொடங்குவதோ ஏறக்குறைய 140 டிகிரியில். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் 1912இல் விவரித்தார். வாணலியில் நடப்பதில் பெரும்பங்கு அதுதான்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் காதால் கேட்பது வேறு. தண்ணீர் இருக்கும் வரை சத்தம் கனமாக இருக்கும், ஆவி எழும். வற்ற வற்றச் சத்தம் மெலிந்து படபடவென்று ஆகும். கார நெடி போய் இனிப்பு வாசம் வரும். நல்ல சமையல்காரர் திரும்பிப் பார்க்காமலே தீயைக் குறைப்பது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். ஒரு முறை அதைக் கேட்டவருக்கு ‘பொன்னிறமாகும் வரை’ என்ற வரி அதற்கு அப்புறம் வேறு வரி. ஆகவே அந்த மேடையில் நடந்ததும் ஒரு வாசிப்புதான் என்கிறேன்.

ஒரு நிபந்தனையோடு சொல்கிறேன். அந்த மேடையில் புத்தகம் திறந்திருக்க வேண்டும். பல நிகழ்ச்சிகளில் அது ஓரமாக, விற்பனைக்கு மட்டும் அடுக்கப்பட்டிருக்கிறது. வெங்காயம் பாதி வதங்கும்போதே மேசைக்கு அடியிலிருந்து முன்பே செய்துவைத்த பண்டம் வெளியே வரும். கைதட்டல், ருசி பார்க்க வரிசை, சரி, முடிந்தது. புத்தகம் நேரத்தை மறைத்ததென்றால் மேடையும் அதையே செய்கிறது. அதற்கு உணவுத் திருவிழா போதும், அங்கே உங்கள் பக்கம்தான் நான்.

எழுதியவர் தன் பத்தியை உரக்க வாசிக்கட்டும், பிறகு செய்யட்டும். ஒவ்வொரு வீட்டு அடுப்பும் ஒவ்வொரு விதமாக எரியும்போது ‘மிதமான தீ’ என்று எந்தத் துணிச்சலில் எழுதினார் என்று சொல்லட்டும். ‘இது இல்லையென்றால் எதைப் போடலாம்?’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். சின்னக் கேள்விபோல் தெரியும், ஆனால் குறிப்பில் எது உயிர், எது அலங்காரம் என்பதைப் பதில் காட்டிக்கொடுத்துவிடும். வாணலிக்கு மேலே ஒரு கேமராவும் வேண்டும். கடைசி வரிசைக்குச் செஃப்பின் முகம் மட்டும் தெரிந்து என்ன பயன்?

உங்கள் குறையை அடுப்பின் மேல் வைக்காமல் நிகழ்ச்சி நிரலின் மேல் வையுங்கள். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து அரங்குகளில் இரண்டையும் வைத்தது கவிஞருக்குச் செய்த அநியாயம். மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம் கேட்க, யாரால் கவிதை வாசிக்க முடியும்? சமையல் முடிந்ததும் அதே அரங்கில், கூட்டம் எழுவதற்கு முன் கவிதை வாசிப்பைத் தொடங்கச் சொல்லி அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். கடிதத்தை எனக்கும் அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்.