பாணரும் கோமாளியும் அணிக்குப் பாரமா?

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3 கேமில் நால்வர் கொண்ட அணியில் ஒரு பாணரைச் சேர்த்திருக்கிறேன். அவர் இடத்தில் இன்னொரு போர்வீரர் இருந்தால் சண்டைகள் விரைவில் முடியும் என்று நண்பர் சொல்கிறார். பாணரை வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா?

பதில்: ஒவ்வொருவரும் தனித்தனியாக எவ்வளவு சேதம் விளைவிக்கிறார்கள் என்று மட்டும் எண்ணினால், உங்கள் நண்பரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2023இல் வெளிவந்த இந்த கேமில் பாணர் செய்யும் வேலையின் பலன் பெரும்பாலும் மற்ற மூவரின் கணக்கில்தான் வரவாகிறது. அவர் தோழருக்கு அளிக்கும் ஊக்கம், முதல் லெவலில் ஆறு முகப் பகடையாகவும், ஐந்தாம் லெவலில் எட்டு முகப் பகடையாகவும், பத்தாம் லெவலில் பத்து முகப் பகடையாகவும் வளர்கிறது. இந்தக் கேமில் அடி படுமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்கிறது; ஊக்கப் பகடையில் விழும் எண் அதனுடன் கூட்டப்படும். ஆறு முகப் பகடையின் சராசரி 3.5, இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் 5 விழுக்காடு என்பதால், தவறிப்போகக்கூடிய ஓர் அடி இலக்கில் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 17 புள்ளிகள் கூடுகிறது. அந்த அடியை வீசுபவர் உங்கள் அணியின் வலிமையான போர்வீரராக இருக்கும்போது இது சிறிய உதவியன்று. எதிரியை ஏளனம் செய்யும் அவருடைய மந்திரம் தொடக்கத்தில் நான்கு முகப் பகடை அளவே சேதம் தரும் என்றாலும், அது பலித்துவிட்டால் அந்த எதிரி தன் அடுத்த தாக்குதலுக்கு இரண்டு பகடைகளை உருட்டிக் குறைந்த எண்ணையே ஏற்க வேண்டியிருக்கும்.

பலரும் கவனிக்காதது, இரண்டாம் லெவலில் கிடைக்கும் ஓய்வுப் பாடல். வழக்கமாக, முகாமிட்டு ஆற்றலை முழுதும் மீட்கும் ஒரு நெடிய ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு சிறு ஓய்வுகளே உண்டு. பாணர் இருந்தால் மூன்றாவதும் கிடைக்கும். மந்திரங்களைப் பயன்படுத்தும் வாய்ப்புகளைச் சிறு ஓய்விலேயே திரும்பப் பெறும் வார்லாக் (ஒரு வகை மந்திரவாதி), ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல் செய்யும் ஆற்றலைத் திரும்பப் பெறும் போர்வீரர் ஆகியோர் உங்கள் அணியில் இருந்தால் பாணரை நீக்க வேண்டாம். நெடிய ஓய்வையே நம்பும் மந்திரவாதிகள் நிறைந்த அணிக்கு இந்தப் பாடலால் அவ்வளவு ஆதாயம் இல்லை. பாணருக்கான உட்பிரிவுகளில் ஒன்றான வாள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பாணர் தாமே நன்றாகச் சண்டையிடுவார். ஆயினும் அவருடைய வாள்வித்தைகளும் தோழருக்கான ஊக்கமும் ஒரே சேமிப்பிலிருந்து செலவாவதால், இரண்டையும் தாராளமாகச் செய்ய இயலாது.

கேள்வி: கோமாளி வகைப் பாத்திரங்கள் வெறும் வேடிக்கைக்காகத்தானா?

பதில்: டிராகன் குவெஸ்ட் 3 (1988) கேமின் கோமாளியை முதன்முறை அணியில் சேர்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்; தாக்கச் சொன்னால் அவர் விளையாடிக்கொண்டிருப்பார். எனினும், இருபதாம் லெவலை எட்டினால் ஞானியாக மாறும் தகுதி அவருக்கு உண்டு. மற்றவர்களுக்கு அதற்கென ஓர் அரிய நூல் தேவைப்படும். கோமாளிக்கு அது தேவையில்லை. மாறியதும் முதல் லெவலிலிருந்தே தொடங்க வேண்டும் என்றாலும், பூசாரி, மந்திரவாதி இருவருடைய மந்திரங்களையும் கற்கக்கூடிய ஒருவர் கிடைக்கிறார். அதுவரை மற்ற மூவரும் அவரைச் சுமக்க வேண்டும். பொறுமையற்றவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2016இல் வெளிவந்த டார்க்கஸ்ட் டன்ஜன் கேமின் கோமாளி இதற்கு நேர்மாறானவர். முதல் பயணத்திலிருந்தே உழைப்பார். அங்கே வீரர்களின் மன அழுத்தம் 100ஐத் தொட்டால் பெரும்பாலும் மனம் பிறழ்ந்து சொல்பேச்சுக் கேட்க மாட்டார்கள். 200ஐத் தொட்டால் மாரடைப்பு. உடற்காயத்தை ஆற்றப் பலர் இருந்தாலும், பயணத்தின் நடுவே மன அழுத்தத்தைக் குறைப்பதில் கோமாளியின் இசைக்கு ஈடானவர் சிலரே. அவருடைய போர்ப்பாடல் அணி முழுவதன் வேகத்தையும் குறியையும் உயர்த்துவதோடு, வழக்கத்தைவிடக் கூடுதல் சேதம் தரும் உச்ச அடி விழும் வாய்ப்பையும் கூட்டுகிறது. உச்ச அடி விழுந்தால் அதனாலும் நம்மவர்களின் அழுத்தம் சற்றே தணிவதால், நீண்ட பயணங்களுக்கு அவரைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். சிறிய, விரைவில் முடியும் பயணங்களில் அவருக்குப் பதில் இன்னொரு தாக்குநரைச் சேர்த்தாலும் பெரிய இழப்பில்லை.