எம்11 வாங்கலாமா, கையில் இருக்கும் 240-ஐயே சரிசெய்யலாமா?

கேள்வி: குளச்சலில் இருந்து எழுதுகிறேன். வயது 56. சவுதியில் 21 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே இருந்தபோது செகண்ட்ஹேண்டில் வாங்கிய லைக்கா எம் டைப் 240 கேமரா இருக்கிறது, கூடவே 50 எம்எம், 35 எம்எம் லென்ஸ்கள், இரண்டுமே எஃப்2 (வெளிச்சம் நுழையும் திறப்பின் அளவு). வெள்ளென எழுந்து முட்டம் துறைமுகத்தில் மீன் ஏலத்தையும், சில நாள் தோவாளைப் பூச்சந்தையையும் எடுப்பேன். கொஞ்ச காலமாகப் பாதிப் படம் ஃபோகஸ் இல்லாமல் வருகிறது. இருட்டில் ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வைத்தால் கோடு கோடாகத் தெரிகிறது. லைக்காவின் எம்11 கேமரா எடுத்தால் இதெல்லாம் தீருமா? பழையதை விற்றாலும் கையிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் போடவேண்டி வரும், மகளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்: அண்ணே, உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே கேமராவின் தலையில் வைக்கிறீர்கள். இருட்டில் கோடு விழுவது அந்தப் பழைய தலைமுறை சென்சாரின் குறை, அது புதுக் கேமராவில் தீரும். ஃபோகஸ் தவறுவது அப்படியில்லை. அதற்குக் காரணம் கண்டுபிடிக்காமல் எம்11 வாங்கினால் அதே தவறு அங்கேயும் வரும், இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஏன் என்று சொல்கிறேன். எம் கேமராக்களில் ஃபோகஸ் பார்க்க ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரமானிதான் இருக்கிறது. அதில் ஃபோகஸ் செய்வது சென்சார் இல்லை, ஒரு சின்ன இரும்பு உருளையும் உங்கள் கண்ணும்தான். லென்ஸைக் கழற்றிவிட்டு மவுண்டுக்குள் மேல் பக்கமாகப் பாருங்கள், ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் மிளகு அளவில் ஓர் உருளை. லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்விளிம்பு இந்த உருளையைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளுதான் வியூஃபைண்டரின் நடுவில் தெரியும் இரட்டை உருவத்தை நகர்த்தி ஒன்றாக்குகிறது. 1954-ல் வந்த எம்3-யிலும் இதே ஏற்பாடுதான், 2022-ல் வந்த எம்11-லும் இதேதான். அந்தக் கை ஒரு மயிரிழை விலகினால் போதும், கண்ணுக்கு உருவம் ஒன்றாகத் தெரிந்தாலும் படத்தில் ஏலக்காரர் முகத்துக்குப் பதில் பின்னால் இருக்கும் ஐஸ் பெட்டி துல்லியமாக வந்திருக்கும். நம் சாலைகளில் பைக் டேங்க் மேல் கேமராப் பையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. எனக்கே ஒருமுறை அப்படி விலகி, மூன்று மாசம் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் காசு செலவில்லாமல் முதலில் இதைச் செய்யுங்கள். நல்ல வெயில் நாளில் முட்டம் கலங்கரை விளக்கம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் நின்று, லென்ஸை முடிவிலிக் குறி வரை திருப்பிவிட்டு, வியூஃபைண்டரின் நடுக்கட்டம் வழியாக அந்தக் கோபுரத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் ஒற்றைக் கோடாக நிற்கவேண்டும். இரண்டாகத் தெரிந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கிறது. ஒரு உருவம் மேலேயும் ஒன்று கீழேயுமாக ஏறி இறங்கி இருந்தால் அது மேல்கீழ் விலகல், அதுவும் சரிசெய்யக்கூடியதே. அடுத்து வீட்டில், ஒரு செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்தி, டிரைபாட் போட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்2-ல் ஒரு தலைப்பெழுத்தைக் குறிவைத்து எடுங்கள். முதலில் நடுக்கட்டத்தை வைத்து ஃபோகஸ் செய்து ஐந்து படம், ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸைக் கலைத்துவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்யவேண்டும். அப்புறம் லைவ் வியூவை, அதாவது சென்சார் பார்ப்பதைப் பின்திரையில் காட்டும் வசதியைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்து ஐந்து படம். உங்கள் 240-ல் லைவ் வியூ இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி, அதற்கு முந்தைய எம்9-ல் இந்த வசதியே கிடையாது.

லைவ் வியூ படங்கள் துல்லியமாக இருந்து, நடுக்கட்டத்துப் படங்கள் எல்லாமே ஒரே பக்கமாக, அதாவது எப்போதும் முன்னால் அல்லது எப்போதும் பின்னால் தவறினால், ரேஞ்ச்ஃபைண்டரை அளவு சரிபார்க்கக் கொடுக்கவேண்டும். ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் என்று மாறி மாறித் தவறினால் கேமராவில் குறையில்லை, கண்ணில். அப்போது வீட்டில் இருபது வயதுப் பிள்ளை யாராவது இருந்தால் கேமராவைக் கொடுத்து அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எனக்கு 48 வயதில் என் தங்கை மகன் ஃபோகஸ் செய்த ஐந்து படமும் சவரக்கத்தி மாதிரி வந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் கண் டாக்டரிடம் போனேன். எம் கேமராவின் வியூஃபைண்டர் மைனஸ் 0.5 டயாப்டரில் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) அமைக்கப்பட்டது, மற்ற கேமராக்களில் போலத் திருகிச் சரிசெய்யும் சக்கரம் அதில் கிடையாது. தூரப்பார்வைக்கு உங்கள் கண்ணாடி எண் என்ன என்று கேட்டு, அதோடு இந்த 0.5-ஐயும் கணக்கில் வைத்து, கண்ணருகில் திருகிப் போடும் திருத்த லென்ஸ் ஒன்று வாங்கிப் போடலாம். சிலிண்டர் பவர் இருந்தால் அது உதவாது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பாருங்கள்.

லைவ் வியூவிலும் படம் மங்கலாக இருந்தால் லென்ஸைக் கழற்றி, எஃப்2-ல் திறந்துவைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை, கண்ணாடியில் மூச்சுவிட்ட மாதிரி மூட்டம் இருந்தால் எண்ணெய்ப் படலம். கடற்கரை ஊரில், ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் இரண்டு பருவமாக நனைக்கும் மாவட்டத்தில், இது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. குறிப்பாகத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைப்பவர்களுக்கு. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. சோதனையில் எது தெரிந்தாலும் சரி, இன்றைக்கே உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஜெல் நிறம் மாறியதும் எடுத்து உலர்த்தி மறுபடி போடுங்கள். கடப்புறத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைப்பதை ஒருநாளும் விடாதீர்கள், உப்பு காய்ந்து படிந்துவிட்டால் பித்தளையையும் திருகையும் தின்றுவிடும்.

இப்போது எம்11. 60 மெகாபிக்சல். 24 மெகாபிக்சலில் கண்ணுக்குத் தப்பிய சின்னக் கைநடுக்கமும் சின்ன ஃபோகஸ் விலகலும் 60-ல் பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்துக்கு நேரே வந்து நிற்கும். உடம்புக்குள் நடுக்கம் தடுக்கும் ஏற்பாடும் அதில் இல்லை, ஆகையால் 50 எம்எம்-க்கு இதுவரை 60-ல் ஒரு பங்கு வினாடியில் எடுத்தவர் 125-க்கோ 250-க்கோ போகவேண்டியிருக்கும், அந்த அளவுக்கு ஐஎஸ்ஓவை ஏற்றவேண்டியிருக்கும், நீங்கள் இருட்டுக்காகத் தேடிப்போன லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும். 36, 18 என்று குறைத்து எடுக்கும் வசதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் 18-ல் எடுப்பதற்கு இவ்வளவு காசா? முழு அளவில் ஒரு ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) 70 எம்.பி.யிலிருந்து 120 எம்.பி. வரை வரும், உங்கள் கம்ப்யூட்டரையும் மாற்றவேண்டியிருக்கும். அதன் நல்லதையும் சொல்லிவிடுகிறேன், கறுப்பு எம்11 வெறும் 530 கிராம், உங்கள் 240 680 கிராம். அதிகாலையில் மூன்று மணி நேரம் கழுத்தில் தொங்கப்போட்டு நிற்பவருக்கு அந்த 150 கிராம் பெரிய விஷயம்.

இருட்டைப் பற்றி. 240-ன் உச்ச ஐஎஸ்ஓவே 6400-தான், 3200-ல் நிழல் பகுதியை மென்பொருளில் ஏற்றினால் கோடு விழத்தான் செய்யும். இரண்டு வழி இருக்கிறது. எடுக்கும்போதே சரியான வெளிச்ச அளவில் எடுத்து, நிழலை ஏற்றாமல் கறுப்பாகவே விடுவது ஒன்று. ஏலக்கூடத்து ட்யூப்லைட்டில் ஈரமான சூரை மீனின் முதுகு பளபளக்கும்போது பின்னால் எல்லாம் கறுப்பாக இருந்தால்தான் அழகு. இன்னொன்று 35 எம்எம்-ல் எஃப்1.4 லென்ஸ், ஃபோக்ட்லாண்டர் மாதிரியான கம்பெனிகள் எம் மவுண்டில் லைக்காவைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்குத் தருகிறார்கள், 3200-ல் எடுத்ததை 1600-ல் எடுக்கலாம். லென்ஸ் எந்தக் காலத்திலும் உங்களோடு இருக்கும், பாடி மாறினாலும்.

கண்தான் காரணம் என்று தெரிந்தால் 240-க்கு இன்னொரு வழி உண்டு, பலருக்குத் தெரியாது. அதன் மேல்பக்கச் சாக்கெட்டில் ஒலிம்பஸ் விஎஃப்-2 என்ற எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் அப்படியே பொருந்தும். பழசாகவே கிடைக்கும், அதில் கண்ணுக்கு ஏற்றபடி திருகிக்கொள்ளும் சக்கரம் இருக்கிறது. படம் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், ஏலத்தின் வேகத்துக்குச் சில நேரம் ஈடுகொடுக்காது, ஆனால் பூக்கட்டும் அக்காமார் விரல்களை எடுக்கத் தாராளம். லைக்காவே 2025 அக்டோபரில் எம் ஈவி1 என்று ரேஞ்ச்ஃபைண்டரையே எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் வைத்த ஒரு எம் கேமராவை வெளியிட்டது. அதுவும் விலையில் எம்11 பக்கத்தில்தான் நிற்கிறது.

என் பதில் இது. இப்போது 5 லட்சம் போடாதீர்கள். சோதனை, தேவையென்றால் அளவு சரிபார்ப்பு, லென்ஸ் சுத்தம், திருத்த லென்ஸ். மகள் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும். அதற்கப்புறமும் இருட்டுக் குறை மனசை அறுத்தால், 2017-ல் வந்த எம்10 நல்ல நிலையில் பழசாகக் கிடைக்கிறதா பாருங்கள். அதே 24 மெகாபிக்சல், இருட்டில் 240-ஐவிட நன்றாகத் தெளிவு, உடம்பும் மெலிசு. வீடியோ கிடையாது, பேட்டரி சின்னது, இரண்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒருவர் எம்9-ஐ மலிவாகத் தருகிறேன் என்கிறார். அந்தக் கேமராவின் நிறம் வேறு எதிலும் வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நிறம் அழகுதான், 18 மெகாபிக்சல், சிசிடி என்ற பழைய வகை சென்சார், 2009-ல் வந்தது. ஆனால் அந்த சென்சாரின் மேல்கண்ணாடி ஈரத்தில் அரிக்கும், இது ஊரறிந்த குறை. லைக்கா பல வருஷம் புது வகை சென்சார் மாற்றிக் கொடுத்தது. இலவசமாக மாற்றிய காலம் முடிந்துவிட்டது. அவரிடம் சென்சார் மாற்றிய சர்வீஸ் பில்லைக் கேளுங்கள், இல்லையென்றால் நேரில் போய் எஃப்16 வைத்து வெறும் வானத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் மூலை மூலையாகப் பாருங்கள். தூசி என்றால் ஊதியதும் இடம் மாறும். சுற்றிலும் வெளிச்ச வளையத்தோடு, ஊதினாலும் அசையாமல் அதே இடத்தில் நிற்கும் பொட்டுகள் இருந்தால் அரிப்பு. பில்லும் இல்லை, பொட்டும் இருக்கிறது என்றால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நம் ஊர்க் காற்றுக்கு அதை வாங்காதீர்கள் தம்பி. இன்னொன்று, தனி ஆளிடம் பழையது வாங்கினால் பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்ப் பயனில்லை, வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால்தான் அந்த வழி.

கேள்வி: அண்ணன் துபாயிலிருந்து வருகிறார். அங்கே வாங்கி வரச் சொல்லட்டுமா, இங்கேயே வாங்கட்டுமா? எனக்கு எம்11 கறுப்பு.

பதில்: இங்கே கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதனால் அங்கே விலை குறைவாகத் தெரியும். ஆனால் அனுமதித்த தொகைக்கு மேல் போகும் பொருளுக்கு விமான நிலையத்தில் சுங்கத்தீர்வை கட்டியாகவேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். மறைத்துக் கொண்டுவரச் சொல்லி அண்ணனை மாட்டிவிடாதீர்கள், தீர்வை கட்டிய ரசீது இல்லாத பொருளை நாளைக்கு விற்பதும் இன்சூரன்ஸ் கேட்பதும் கஷ்டம். அங்கே வாங்குவதாக இருந்தால் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று கடையில் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது.

இங்கே வாங்கினால் ஒரு பலம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். குறை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள், பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடுகின்றன. பில்லில் கேமராவின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையில் நிற்கும்போதே பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதை முழுதாக மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள், அன்றைக்கே உங்கள் லென்ஸைப் போட்டு முடிவிலிக்கு ஃபோகஸ் செய்து தூரத்துக் கோபுரத்தையோ மலையையோ பாருங்கள். புதுக் கேமராவிலும் உருளை விலகி வருவது உண்டு, அன்றே சொன்னால் மாற்றிக்கேட்பது எளிது.