1.030 உப்பு, பழுப்பு மணல், ராமேஸ்வரம் கல்

நண்பரே, உங்கள் புதுக் கடல்நீர் மீன்தொட்டியில் குறைந்துபோகும் தண்ணீருக்கு ஈடாக உப்புத் தண்ணீரையே ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். உப்பின் அளவைச் சொல்லும் ஒப்படர்த்தி 1.030 காட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். இனி வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். 1.025க்கு ஒரே நாளில் இறக்காதீர்கள். தினம் 0.001 போதும், நத்தைகள் பாவம். அதற்கு முன் ரிஃப்ராக்டோமீட்டரை, அதாவது உப்பளவு பார்க்கும் கருவியை, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபாருங்கள். மலிவானவை நன்றாகவே பொய் சொல்லும்.

மணல்மேல் பழுப்பாகப் படிவது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வரும், போகும். மருந்து வேண்டாம்.

தொட்டித் தண்ணீரின் 31 டிகிரி சூட்டைக் குறைக்க சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குமுன், நீர்ப்பரப்பை நோக்கி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். சென்னைப் புழுக்கத்தில் இரண்டு டிகிரி இறங்கினாலே லாபம். ஆனால் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும், தினமும் பார்த்து ஊற்ற வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து பவளக்கல் கொண்டுவரும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை; செத்த துண்டு என்றாலும் வழக்குதான். கடையில் கிடைக்கும் உலர்கல்லும், கழிவு அம்மோனியாவைச் சிதைக்கும் பாட்டில் பாக்டீரியாவும் போதும். மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு க்ளவுன் மீன் வாங்கலாம்.